கஸ்பார் வாசித்தது

ரெமிஜியூஸ் இந்தக் கதையை இத்தனை வருஷமாக நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. கதையைச் சொன்னவள் கூடப்பிறந்த தங்கை. அவள் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை. போதாததற்குச் சிலுவைத்துறை என்கிற அந்தக் கடற்கரை ஊர் முழுக்க, மீன் ஏலம் கூறுகிறவன் முதல் பங்குச்சாமியார் வரைக்கும், போன மாசம் மழை பெய்ததைச் சொல்வதுபோல அதே கதையைச் சொன்னார்கள். ஆனால் அதெல்லாம் நடந்த காலத்தில் அவர் சரக்குக் கப்பலின் வயிற்றுக்குள் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு கடலில் இருந்தார். இப்போது ஐம்பதைத் தாண்டி, கப்பலை விட்டிறங்கி, கரையில் செய்ய ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கும் நாளிலும், அந்தக் கதையை எடுத்து இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்ப்பார். எப்படி வைத்தாலும் ஒரு மூலை மட்டும் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும். தப்பு கதையில் இருக்கிறதா, தன்னிடம் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

தங்கை பெயர் அமலி. அவள் புருஷன் கஸ்பார் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்க்கிறவன். இரைச்சலுக்குள்ளேயே வேலை பார்த்ததாலோ என்னவோ, வாய் திறந்து பேசுவது அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. 'சாப்பிடுதியளா?' என்று கேட்டால் தட்டின் முன்னால் வந்து உட்காருவதுதான் அவன் பதில். கோபமா என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவான், சந்தோஷமா என்றால் சட்டையைக் கழற்றி ஆணியில் போடுவான். இரண்டுக்கும் நடுவில் இருப்பதையெல்லாம் அமலி தானாகவே ஊகித்துக்கொள்ள வேண்டும், அவளும் ஊகித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஊரில் அப்போது தார்சிஸ் மாஸ்டர் என்பவர் மெல்லிசைக் குழு ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் குழுவின் மின்சாரக் கிட்டாரை வாசித்தவன் ஒருநாள் பம்பாய்க்குப் போனான், திரும்பவில்லை. கிட்டாரை யாரோ வலைக் கொட்டகையின் பரணில் தூக்கிப் போட்டார்கள். அதன்மேல் கிழிந்த வலைகளைப் போட்டார்கள். வலைகள்மேல் நங்கூரக் கயிறுகளைப் போட்டார்கள். அப்படி ஒன்று இருந்ததையே மறந்துபோனார்கள். கொட்டகையைக் காலிசெய்த அன்று அது கீழே விழுந்தபோது, பழைய மரம்தானே என்று அடுப்புக்குக் கொண்டுபோகப் பார்த்த ஒருத்தியின் கையிலிருந்து கஸ்பார் அதை ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

அதன் கோலத்தை அமலி சொல்லித்தான் ரெமிஜியூஸுக்குத் தெரியும். கம்பிகள் துருவேறி, தொட்டால் பொடியாக உதிர்ந்தன. கழுத்தில் வரிசையாகப் பதித்திருந்த உலோகக் கட்டைகளில் பச்சைக் களிம்பு. கழுத்தோ காய்ந்த கருவாடு மாதிரி வளைந்திருந்தது. சிவப்பு வர்ணம் உரிந்த இடமெல்லாம் எலி பல் பதித்த தடம். கஸ்பார் ஐஸ் கம்பெனியிலிருந்து வந்ததும் வாசலில் சாக்கை விரித்து உட்காருவான். திருகாணிகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகப் பல்லைப் பிடுங்குவதுபோல எடுத்தான். களிம்பைப் பற்பசை போட்டுத் தேய்த்தான். கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியை இன்றைக்குக் கொஞ்சம் நாளைக்குக் கொஞ்சம் என்று சாவியால் திருப்பி, அது தானாக நிமிர்வதற்குப் பொறுமையாகக் காத்திருந்தான். உள்ளே கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்குகிற சின்னச் சுருள் ஒன்று இருக்கும், பிக்கப் என்பார்கள், அது செத்துப்போயிருந்தது. முடியைவிட மெலிந்த செம்புக்கம்பியை எங்கோ தேடி வாங்கிவந்து, அமலியின் தையல் மிஷினில் அந்தச் சுருளை மாட்டி, அவளை மெதுவாக மிதிக்கச் சொல்லி, தன் இரண்டு விரலுக்கு நடுவே கம்பியை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தான். கம்பி அறுந்தால் முதலிலிருந்து. அறுந்தது, முதலிலிருந்து, மறுபடி அறுந்தது, மறுபடி முதலிலிருந்து. கல்யாணமான நாள் தொட்டு நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான் என்று அமலி சொல்லுவாள்.

சுருளை அப்படியே விட்டால் உப்புக்காற்று செம்பைத் தின்றுவிடும், மெழுகில் முக்கி எடுக்க வேண்டும் என்று சொன்னவர் தார்சிஸ் மாஸ்டர். எந்த மெழுகு என்று அவர் சொல்லவில்லை, கஸ்பாரும் கேட்கவில்லை. சிலுவைத்துறையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே மெழுகு என்றால் கெபி மெழுகுதான். கடலைப் பார்த்திருக்கிற மாதா கெபியில், பாறையைக் குடைந்து சுரூபம் வைத்த அந்தச் சின்னக் குகையில், ஊர்ப்பெண்கள் வேண்டுதலுக்கு ஏற்றுகிற மெழுகுவர்த்திகள் உருகிப் பாறையில் வழியும். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை அதைச் சுரண்டித் தகர டப்பாவில் சேர்த்து வைப்பார். வலை நூலுக்கு, வள்ளத்தின் இடுக்குக்கு, இறுகின பூட்டுக்கு, உப்பு ஏறக்கூடாத எதற்கும், யார் கேட்டாலும் ஒரு கை அள்ளிக் கொடுப்பார். கஸ்பாரும் ஒரு கை வாங்கிவந்து காய்ச்சிச் சுருளை அதில் முக்கி எடுத்தான்.

திருவிழாக் கொடியிறக்கத்தன்று சாயங்காலம், சின்ன வயசில் தார்சிஸ் மாஸ்டரிடம் வாசிக்கப் பழகியிருந்த கஸ்பார், கோயிலுக்கு எதிரே போட்ட மேடையில் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஏறினான். ஒயரைச் சொருகினான். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. கம்பியைத் தட்டினான். ஒன்றும் வரவில்லை. ஒயர் சொருகாமல் வெறுங்கம்பியைத் தட்டினால்கூடக் கொசு பாடுகிற அளவுக்கு ஒரு ஓசை இருக்குமே, அதுவும் இல்லை. கம்பி அதிர்வது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு ஒன்றுமில்லை.

"ஏல கஸ்பாரு, வாசிக்கியா, கம்பிய எண்ணிப் பாக்கியா?" என்று தார்சிஸ் மாஸ்டர் மைக்கிலேயே கேட்டார். கூட்டம் சிரித்தது. கஸ்பார் சிரிக்கவுமில்லை, இறங்கவுமில்லை. மாதா பாட்டு ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை விரலால் வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினான்.

மறுநாள் அதே நேரத்துக்கு, மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஆம்ப்ளிஃபயர் இருந்த இடத்தில், இப்போது வெறும் காற்று இருந்த இடத்தில், அந்தப் பாட்டு வந்தது. சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல், வெண்கலமும் தேனும் கலந்ததுபோல. ஏணியில் நின்ற பந்தல்காரன் பாட்டு முடியட்டும் என்று அப்படியே ஏணிப்படியில் உட்கார்ந்துகொண்டான். மீன் கூடையோடு போன பெண்கள் கூடையை இறக்கினார்கள். பாட்டு முடிந்ததும் தார்சிஸ் மாஸ்டர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "சுருதி சேந்திருக்கு," என்றார். பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், மீன் கெட்டுவிடும்.

ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. கெபி மெழுகு அல்லவா, வேண்டிக்கொண்ட அன்றைக்கேயா கிடைக்கிறது, என்று கோயில்பிள்ளை ஒருதரம் சொன்னார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரு நாள் பிந்தி வருகிற பாட்டை வைத்து எப்படிச் சமாளிப்பது என்பதுதான் ஊருக்குப் பெரிய பேச்சாக இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாளே கஸ்பார் காலி மண்டபத்தில் போய் வாசித்துவிட்டு வருவான். மறுநாள் அவன் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, மூலையிலிருந்து அவன் கிட்டார் வந்துகொண்டிருக்கும். பாடுகிறவர்கள் முந்தின நாளே வந்து அவன் விரலைப் பார்த்துப் பாட்டு இன்னதென்று மனப்பாடம் செய்துகொண்டார்கள். எந்தக் காரியமும் சொன்ன நேரத்துக்கு நடந்தறியாத அந்த ஊரில் கல்யாணங்கள் மணியடித்ததுபோல நடக்கத் தொடங்கின, ஏனென்றால் பாட்டு காத்திருக்காது. மாப்பிள்ளை வள்ளம் பிந்தி வந்த ஒரு கல்யாணத்தில் வாழ்த்துப்பாட்டு காலி நாற்காலிகளுக்குப் பாடிவிட்டுப் போனது. 'நேற்று மாலை வாசித்தது இன்று பீடத்துக்கு இடதுபுறம் வரும், அங்கே நிற்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளவும்' என்று பங்குச்சாமியார் பூசையில் அறிவித்தார். வெளியே அவன் வாசித்த இடங்களில் யாரும் ஈரத்துணி காயப்போடவில்லை. ஒருவன் சொன்ன நகைச்சுவைக்கு மற்றவன் மறுநாள் சிரித்தால் அவனை 'கஸ்பாரு' என்று கூப்பிட்டார்கள்.

ரெமிஜியூஸ் விடுப்பில் வந்தபோது இதையெல்லாம் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் இருந்த நாட்களில் ஒன்றும் வரவில்லை. கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, வாசிக்கத் தெரியாத கையால் எல்லாக் கம்பியையும் ஒருசேர ஓங்கி இழுத்தார். விரலுக்குக் கீழே அதிர்ந்தது, சத்தமில்லை. எஞ்சினைப் போல இதையும் கழற்றிப் பார்த்துவிடலாமா என்று நினைத்தார், மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். கப்பலுக்குப் போன பிற்பாடு ஒருநாள் அமலி போன் போட்டாள்.

"அண்ணே, நீ இழுத்தது இன்னைக்கு வந்துட்டு."

"என்ன வந்துட்டு?"

"நீ ஒரு இழுப்பு இழுத்தியே! பக்கத்து வீட்டு ஆடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடிட்டு. அவ வந்து உன்னத்தான் ஏசிட்டுப் போறா."

சிரித்துவிட்டுப் போனை வைத்தார். வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் வர வேண்டியது ஏன் இத்தனை நாள் கழித்து வந்தது?

அதைத்தான் ஊரும் கேட்க ஆரம்பித்திருந்தது. ஓசை பிந்திக்கொண்டே போனது. மறுநாள் வந்தது மறுவாரம் என்றானது, அடுத்த மாசம் என்றானது, எப்போது என்று சொல்ல முடியாமல் ஆனது. தவக்காலத்தில் கிறிஸ்மஸ் பாட்டு வந்தது. வள்ளக்காரர் ஒருவர் இறந்து மண்டபத்தில் கிடத்தியிருந்தபோது, எப்போதோ யாருக்கோ வாசித்த குதியாட்டப் பாட்டு ஒன்று பிணத்தின் தலைமாட்டிலேயே கிளம்பியது. மகன்கள் கஸ்பாரைத் தேடி அடிக்க ஓடினார்கள். செத்தவரின் பெண்சாதிதான், "விடுங்கல, அந்த மனுசனுக்குப் பிடிச்ச பாட்டு," என்று நிறுத்தினாள். ஆனாலும் ஊர்க் கமிட்டி கூடியது. மெழுகை மாற்றிவிடு என்றார் தார்சிஸ் மாஸ்டர். உடனே பெண்கள் எழுந்துவிட்டார்கள். "எம்மவன் வரணும்னு நான் ஏத்துன மெழுகும் அதுலதான் கெடக்கு. அத உருக்கி ஊத்திட்டா எங்க வேண்டுதல் எங்க போய் நிக்கும்?" என்றாள் ஒருத்தி. கடைசியில், பொது இடத்தில் வாசிக்கக்கூடாது, அவன் வீட்டில் வாசித்தால் வருவது அவன் பாடு என்று தீர்ப்பானது. கஸ்பார் தலையாட்டிவிட்டு வந்தான். அதற்கப்புறம் அடுக்களை வாசலில் ஸ்டூலைப் போட்டு வாசித்தான். அவன் வேலைக்குப் போன நேரத்தில் என்றைக்கோ வாசித்தது அமலிக்குச் சமையலின் நடுவே வந்துகொண்டிருந்தது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒருநாள் காலையில் கஸ்பாரின் அம்மா வந்திருந்து, "வேற எடத்துல கெட்டியிருந்தா இந்நேரம் எம்பிள்ள வீட்டுல ஒரு சத்தம் இருக்கும்," என்று அமலியின் காதுபடச் சொல்லிவிட்டுப் போனாள். கஸ்பார் கேட்டுக்கொண்டுதான் நின்றான். மத்தியானம் அமலி அடுக்களைத் தரையில் உட்கார்ந்து மீன் செதிள் எடுத்துக்கொண்டே, அவனுக்கு முதுகைக் காட்டியபடி கேட்டாள்:

"என்னக் கெட்டுனதுல உங்களுக்கு வருத்தம் இருக்கா, இல்லியா? இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. ஒத்த வார்த்த வாயத் தொறந்து சொல்லுங்க."

அவன் எழுந்து உள்ளே போனான். கிட்டாரோடு வந்தான். ஸ்டூலைப் போட்டான், ஒயரைச் சொருகினான், வாசிக்க ஆரம்பித்தான். இந்த மனுஷன் இதற்கும் இப்படித் தப்பித்துக்கொள்கிறானே என்று அவளுக்கு ஆத்திரம், திரும்பியே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விரலைக் கொண்டாவது கண்டுபிடித்திருப்பாள். வெயில் சுவரை விட்டு இறங்கும்வரை அவன் வாசித்தான். முடிந்ததும், "வரும்போது கேளு," என்றான்.

"வரும்போது பாத்துக்கிடலாம்," என்றாள் அவள்.

அந்த வாரமே அவனுக்கு நெஞ்சில் வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பக் கொண்டுவந்து கல்லறையில் வைத்தார்கள். ரெமிஜியூஸின் கப்பல் அப்போது ஆப்பிரிக்கா பக்கம் இருந்தது. அவர் வந்து சேர்ந்தபோது அமலி அழுதுகொண்டிருக்கவில்லை. அடுக்களை வாசலில், ஸ்டூல் கிடந்த இடத்துக்கு எதிரே உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கஸ்பார் செத்த பிறகும் அவன் வாசித்தது வந்தது. பாதிப் பாட்டுகள், சுருதி சேர்த்தது, தப்பிவிட்டுத் திரும்ப ஆரம்பித்தது, எல்லாம் அவன் வாசித்த வரிசையில் வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் தலையைக் குனிந்து அதைக் கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு வாசித்ததற்கு முந்தின நாள் கிறிஸ்மஸ் பாட்டு வாசித்தார், அது வந்துவிட்டால் அடுத்தது எனக்கு உள்ளது, என்று அமலி சொல்லிக்கொண்டிருந்தாள். ரெமிஜியூஸ் வந்து தங்கிய நாட்களில் மட்டும் அந்த வீட்டில் கடல் இரைச்சலைத் தவிர வேறொன்றும் அவர் காதில் விழவில்லை. ஒருதடவை அவர் வெற்றிலை வாங்கக் கடைக்குப் போய் வருவதற்குள் வந்துவிட்டுப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அவள் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? ஆடு ஓடிப்போனவள்தான் அவள்.

பிறகு கடல் ஊருக்குள் வரத் தொடங்கியது. முதலில் வலை காயப்போடுகிற மணலைத் தின்றது, தென்னைகளைத் தின்றது, கரையோர வீடுகளின் அஸ்திவாரத்தை நாக்கால் தடவிப் பார்த்தது. அரசாங்கம் பெரிய ரோட்டுக்கு அந்தப்பக்கம் வீடு கட்டிக் கொடுத்தது, ஜனங்கள் கதவு ஜன்னலோடு அங்கே போனார்கள். கரை ஓரத்தில் அமலி வீடு மட்டும் நின்றது. கப்பல் வேலையை முடித்துக்கொண்டு வந்த ரெமிஜியூஸுக்கும் புதுக்காலனியில் ஒரு வீடு கிடைத்தது. அவர் தினமும் போய்க் கூப்பிட்டார்.

"வாட்டி. குளிமுறிய கடல் கொண்டுபோயிட்டு. அடுத்தது அடுக்களதான்."

"கிறிஸ்மஸ் பாட்டு வந்துட்டுண்ணே."

"எப்ப?"

"நீ வாறதுக்குக் கொஞ்சம் முந்தி."

"எப்பவும் நான் வாறதுக்குக் கொஞ்சம் முந்தி! செவுரு ஒம்மேல விழுந்தா நான் யாருக்கிட்டட்டி போய்ச் சொல்லுவேன்?"

"அவரு என்ன சொன்னாருன்னு தெரியாம நான் எப்படிண்ணே வர? வருத்தம்தான்னு சொல்லியிருந்தாலும் பரவாயில்ல. கேட்டுட்டு வந்துருவேன்."

"கிட்டாரத் தூக்கிக்கிட்டு வா. எங்க இருந்தாலும் வரும்."

"வாசிச்ச எடத்துலதான் வரும். ஒனக்குத் தெரியாது, நீ இங்க இல்ல," என்றாள். சுவரில் விரல் நுழைகிற விரிசல் இருந்தது, அதன் வழியாக அலை தெரிந்தது. தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றால், ஒருவேளை, ஒரே ஒரு ஒருவேளை, கதை நிஜமாக இருந்தால்? நம்பாத மனுஷன் அந்த ஒருவேளையிடம் தோற்று, தினமும் தனியே திரும்பி நடந்தார்.

பிறகு ஒரு மத்தியானம், காற்று பலமாக இருந்த நாளில், அமலி ஒரு கையில் துணிப்பையும் ஒரு கையில் கிட்டாருமாகப் புதுக்காலனி வாசலில் வந்து நின்றாள்.

"வந்துட்டுண்ணே," என்றாள்.

"எது?"

"கஸ்பாரு வாசிச்சது."

"என்னட்டி வாசிச்சிருந்தான்?"

"நல்லாத்தான் வாசிச்சிருந்தாரு," என்றாள். "வருத்தம் ஒண்ணுமில்ல." பையை உள்ளே வைத்துவிட்டு, அடுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

அந்த வாரமே அடுக்களை இடிந்து கடலுக்குள் போனது. ஊர் நிம்மதியாக மூச்சுவிட்டது. பெண்கள் வந்து அமலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கிடைத்துவிட்டதா, கிடைத்துவிட்டதா என்று கேட்டுப்போனார்கள். சிலர் கெபியில் புதிதாக மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அமலி உடம்பு தேறினாள். இறால் ஊறுகாய் போட்டு விற்றாள். கிட்டாரை ரெமிஜியூஸின் பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள், அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. எல்லோருக்கும் கதை முடிந்தது. ரெமிஜியூஸுக்கு மட்டும் அங்கேதான் குழப்பம் பெரிதானது, ஏனென்றால் இப்போது நம்பாமல் இருப்பதென்றால் எதை நம்பாமல் இருப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. கிட்டார் பிந்திப் பேசியது என்பதையா? அது பேசிவிட்டது என்று அவள் சொன்னதையா? முதலாவது பொய் என்றால் இரண்டாவதுக்கு இடமே இல்லை. முதலாவது மெய்யாக இருந்து இரண்டாவது பொய்யாக இருந்தால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்.

வெயில் சாய்கிற நேரத்தில் அமலி குடையை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்வருகிறாள் என்பதை அவர் வெகுநாள் கவனிக்கவில்லை. கவனித்த பிறகும் கோயிலுக்கு என்று நினைத்துக்கொண்டார். அவள் சேலைக் கரையில் எப்போதும் உப்புப் பூத்திருந்ததைப் பார்த்த ஒருநாள் பின்னாலேயே போனார். ரோட்டைத் தாண்டி, ஆளில்லாத பழைய தெருவைத் தாண்டி, கெபியைத் தாண்டி அவள் நடந்தாள். கரை முடிந்த இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவு வந்ததும் நின்றாள். அங்கேதான் அந்த அடுக்களை இருந்தது என்று அவருக்கு ஒரு நொடி கழித்துத்தான் பிடிபட்டது. அவள் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அலை வரும்போது எழும்பியும் போகும்போது தாழ்ந்தும், அதே இடத்தை விடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

ரெமிஜியூஸ் வேட்டியை மடித்துக் கட்டாமலே இறங்கினார். அவள் திரும்பிப் பார்த்தாள், பதறவில்லை.

"என்னண்ணே, சட்டையெல்லாம் நனையுது."

"நனையட்டும்."

பக்கத்தில் போய் நின்றார். அலை ஒன்று வந்து இருவரையும் தூக்கி இறக்கிவிட்டுப் போனது. அவரும் காதைக் கொடுத்துப் பார்த்தார், கடல்தான் கேட்டது. இத்தனை வருஷமாக வாய்வரை வந்து வந்து அவர் விழுங்கிக்கொண்டிருந்ததை, அவள் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஏட்டி அமலி, வந்துட்டுன்னு சொன்னியே... பெறவு எதுக்குட்டி தெனமும் இங்கன வந்து நிக்கே?"